இரண்டும் இருக்கட்டும் என்பவர்

முடிவெடுக்கத் தெரியாதவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. எந்தப் பேருந்தில் ஏறுவது என்று மோவாயைத் தடவிக்கொண்டு நிற்பார்கள், இரண்டு பேருந்தும் போய்விடும், நடந்து வீட்டுக்குப் போவார்கள். உடம்புக்கும் நல்லது. நான் சொல்லவந்தது அந்த அப்பாவிகளைப் பற்றி அல்ல. முடிவெடுக்காமல் இருப்பதையே ஒரு முடிவாக எடுத்து, அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் சூட்டி, அந்தப் பெயருக்கு நாலு பேரிடம் பாராட்டும் வாங்கிக்கொள்கிற ஓர் இனம் இருக்கிறது. ‘இரண்டும் இருக்கட்டும்’ இனம். அதைத்தான் இன்று பிடித்து மேசைமேல் வைக்கப்போகிறேன்.

பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் இருவர் கழுத்து நரம்பு புடைக்க வாதாடிக்கொண்டிருக்கும்போது, அதுவரை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர், மெதுவாகத் தொண்டையைச் செருமி, இடப்பக்கம் ஒரு புன்னகை, வலப்பக்கம் அதே அளவில் இன்னொரு புன்னகை வழங்கி, “ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எதுக்கு ஒண்ணத் தூக்கணும்? ரெண்டும் இருக்கட்டுமே” என்பார். சண்டை நின்றுவிடும். இருவருக்கும் நிம்மதி, மற்றவர்களுக்குத் தேநீர். என்ன பக்குவம், என்ன நிதானம் என்று கலைந்து போவோம். அந்த இரண்டோடும் நாளையிலிருந்து குடித்தனம் நடத்தப்போகிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர் அந்த அறையில் இல்லை. அவர் எப்போதுமே அந்த அறையில் இருப்பதில்லை.

இந்த இனம் எல்லாத் தொழிலிலும் முளைக்கும். ஆனால் எல்லாத் தொழிலிலும் செழிக்காது. தச்சரால் ஒரே சுவரில் ஒரே இடத்தில் இரண்டு கதவு வைக்க முடியாது, சுவர் சம்மதிக்காது. தையல்காரரால் ஒரே சட்டையை அரைக் கையாகவும் முழுக் கையாகவும் தைக்க முடியாது, துணி சம்மதிக்காது. கணினி நிரல் எழுதுகிறவருக்கு மட்டும்தான் குறுக்கே சுவரும் இல்லை, துணியும் இல்லை. ‘இப்படி என்றால் இந்தத் திரை, இல்லை என்றால் அந்தத் திரை’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஒரே நிரலுக்குள் இரண்டு திரைகள், நடுவில் ஒரு சுவிட்ச். யார் மனமும் புண்படாது. செலவு ஒரு வரி. இந்த இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான மேய்ச்சல் நிலம் வேறு எங்கே கிடைக்கும்?

என்னிடம் உள்ள மாதிரியை அவருடைய அலுவலகத்தில் ‘அல்லது’ என்று அழைப்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதையோடு ‘அல்லது சார்’ என்பார்கள். மணி என்ன என்று கேட்டால் “பத்தே கால், அல்லது பத்து இருபது” என்பார். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார், ஆனால் கைப்பேசியையும் மதிக்க வேண்டும் அல்லவா? மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. நெற்றியில் இருப்பது பழையது. அது தெரிவதில்லை என்றுதான் புதியது வாங்கினார். புதியதும் சரியில்லை என்று பழையதை விடாமல் வைத்திருக்கிறார். இரண்டிலும் சரியாகத் தெரியாத ஒருவர் இரண்டையும் சுமந்துகொண்டு அலைவதைப் பார்த்து, எத்தனை முன்ஜாக்கிரதை என்று வியந்தவர்களும் உண்டு.

வீட்டு வாசற்கதவில் புதுப் பூட்டு ஒன்று போட்டார். பழைய பூட்டைக் கழற்றவில்லை. “நல்லாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.” ஒருநாள் வெளியே கிளம்பும்போது மனைவி பழைய பூட்டைப் பூட்டினார், பின்னாலேயே வந்த இவர் புதுப் பூட்டைப் பூட்டினார். திரும்பி வந்து பார்த்தால் பழைய பூட்டின் சாவி வீட்டுக்குள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. அந்தப் பூட்டு சாவி இல்லாமலே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ரகம். பூட்டு உடைப்பவர் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அந்த அம்மையார் எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் அப்படியே தருகிறேன்: “இவரு என்னை மட்டும் கட்டிக்கிட்டதே பெரிய விஷயங்க. அன்னைக்கு சுவிட்ச் வைக்க எடம் கெடைக்கல போல.”

இனி விஷயத்துக்கு வருவோம்.

அல்லது சார் வேலை செய்வது மூன்றாவது மாடியில், ஆறு பேர் மட்டுமே உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். அவர்கள் ஒரு கண் மருத்துவமனைக்காக ஒரு நிரல் செய்து கொடுத்திருந்தார்கள். கண்ணைப் பரிசோதித்து வலது கண்ணுக்கு என்ன பவர், இடது கண்ணுக்கு என்ன பவர் என்று அதில் பதிய வேண்டும். சீட்டு அச்சாகி நேராகக் கண்ணாடி அறுக்கும் பட்டறைக்குப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு கட்டங்கள். மனிதனுக்கு மூன்றாவது கண் இல்லாத காரணத்தால் மூன்றாவது கட்டத்துக்கு அவசியம் நேரவில்லை.

ஆனால் முதல் நாளே தகராறு. மருத்துவமனையின் பெரிய டாக்டர் சொன்னார்: “நோயாளி எனக்கு எதிர்ல உக்காந்திருக்கார். அவரோட வலது கண்ணு எனக்கு இடது பக்கம் இருக்கு. அதனால வலது கண்ணுக் கட்டம் திரையில இடது பக்கம் வரணும்.” அவருடைய மகள், சின்ன டாக்டர், அப்போதுதான் படிப்பு முடித்து வந்தவர், சொன்னார்: “அப்பா, வலதுன்னா வலது பக்கம் இருக்கட்டுமே. எதுக்கு மனசுக்குள்ள திருப்பிப் போடணும்?” இரண்டுமே அறிவுள்ள பேச்சு. எதை வைத்தாலும் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிடும். அரை மணி நேரம் அப்பாவும் மகளும் வழக்கடித்திருந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்திருப்பார். வீட்டில் அது தினமும் நடப்பதுதான். ஆனால் அல்லது சார் அங்கே இருந்தார். தொண்டையைச் செருமினார்.

“ரெண்டும் இருக்கட்டும் டாக்டர். ஒரு ஆப்ஷனாக் குடுத்துடறேன்.”

இப்படியாக அப்பா சொன்னது பழைய அமைப்பு, மகள் சொன்னது மாற்று அமைப்பு என்று திரை இரண்டாயிற்று. அதை மாற்றும் சுவிட்சை எங்கே வைப்பது? திரையில் ஒரு பொத்தானாக வைத்தால் பெரிய டாக்டருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மகளிடம் தோற்ற மாதிரி இருக்குமாம். ஆகவே கண்ணுக்குத் தெரியாமல், விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் ஏழு என்ற விசை. பக்கத்து விசையான எஃப் எட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்திருந்தார்: அடுத்த நோயாளிக்குப் புதுப் பக்கம் திறப்பது. அதாவது, ஒரு நாளைக்கு எண்பது முறை அமுக்குகிற விசைக்கும், ஒருபோதும் அமுக்கக் கூடாத விசைக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி. போதாதற்கு ஒரு கருணையும் செய்தார். மாற்று அமைப்பில் ஒரு நோயாளியைப் பதிந்து சேமித்தவுடன் திரை தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது பாருங்கள். திருடன் திருடிவிட்டுப் போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போவதும் இந்த வகைக் கருணைதான்.

அந்த ஒரு வரி குட்டி போட்டது. சீட்டு அச்சிடும் இடத்தில் ‘எந்தத் திரை?’ என்று கேட்க வேண்டியிருந்தது; தேடும் இடத்தில் கேட்க வேண்டியிருந்தது; திருத்தும் இடத்திலும். பிறகு எழுத்து பெரிதா சிறிதா, பின்னணி கருப்பா வெள்ளையா என்று யார் எதைச் சொன்னாலும் ஒரு சுவிட்ச். எட்டுச் சுவிட்சுகள் ஆயின. எட்டுச் சுவிட்ச் என்றால் இருநூற்றைம்பத்தாறு விதமான திரைகள் என்பது கணக்கு. அவற்றில் அல்லது சார் தம் கண்ணால் பார்த்தவை மூன்று.

அவரோடு வேலை செய்த பெண் ஒருவர், வாய்த் துடுக்கானவர், ஒருநாள் கேட்டார்:

“சார், இந்த மாற்று அமைப்ப யாராச்சும் பயன்படுத்துறாங்களா?”

“பயன்படுத்தாமலா இருப்பாங்க?”

“யாருன்னு கேட்டேன்.”

“யாராச்சும்.”

“தூக்கிடலாமா?”

அல்லது சார் அவரைப் பார்த்த பார்வை, குடியிருக்கும் வீட்டில் தூணைப் பிடுங்கலாமா என்று கேட்டவரைப் பார்க்கும் பார்வை. “இருக்கறது என்னம்மா பண்ணுது? சோறா கேக்குது?”

சோறு கேட்கவில்லை. ஆளைக் கேட்டது.

மருத்துவமனையின் பரிசோதனை அறையில் பன்னிரண்டு வருடமாக ஓர் அம்மையார் வேலை பார்த்தார். எல்லாரும் டெஸ்ட்டிங் அக்கா என்பார்கள். நோயாளியின் மூக்கில் அந்தக் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இதுவா? ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டு, கண் நோயாளி மேலேயே இருக்க, கை மட்டும் விசைப்பலகைக்குப் போய் எண்களைப் பதியும். திரையைப் பார்க்கமாட்டார். முதலில் வலது கண், பிறகு இடது கண். அதுவரை பன்னிரண்டு வருடத்தில் ஒரு கண்ணாடிகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த அறையின் சுழல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அந்த நாற்காலியை அவருக்காகவே செய்து, மீதி இருந்த இடத்தில் மருத்துவமனையைக் கட்டியதாகத் தோன்றும்.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் மாற்றிய சின்ன விசைப்பலகையில், வேகமாக எஃப் எட்டை அமுக்குகிற விரல், எப்போதாவது ஒருமுறை, பக்கத்து விசையையும் சேர்த்து அமுக்குகிறது. புதுப் பக்கம் மாற்று அமைப்பில் திறக்கிறது. அக்கா நோயாளியைப் பார்த்தபடி வலது கண்ணின் எண்ணை முதல் கட்டத்தில் போடுகிறார். ஆனால் அந்தத் திரையில் முதல் கட்டம் இடது கண்ணுடையது. சேமிக்கிறார். திரை, கருணையோடு, பழையபடி ஆகிவிடுகிறது. பல பேருக்கு இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே பவர் என்பதால் அவர்களுக்குத் தெரியாது. ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் வித்தியாசம் அதிகம் உள்ளவர்கள்தான் மாட்டினார்கள். இரண்டு மாதத்தில் நாலு பேர்.

நாலாவது ஆள் ஒரு தையல்காரர். கண்ணாடியை மருத்துவமனை வரவேற்பு மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “ஊசி ரெண்டாத் தெரியுதும்மா. எந்த ஊசியோட காதுல கோத்தாலும் அது இன்னொரு ஊசியா இருக்கு.”

மருத்துவமனை மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல; நாலு புகார்ச் சீட்டை அடுக்கி வைத்திருந்த மனிதர்.

“வலது இடதா மாறியிருக்கு. நாலுமே நீங்க பதிஞ்சது.”

“நான் மாத்திப் போடல சார்.”

“வயசாகுதும்மா. யாருக்கும் ஆகுறதுதான். திங்கட்கிழமையிலேருந்து முன்னாடி ஃபிரேம் விக்கிற எடத்துல உக்காருங்க. சம்பளத்துல கை வைக்கமாட்டேன்.”

“சம்பளத்த யாரு சார் கேட்டா? நான் மாத்திப் போடல.”

“அப்போ கம்ப்யூட்டர் மாத்திச்சா?”

“அதத்தான் அத எழுதிக் குடுத்த கம்பெனிக்காரங்கள வந்து பாக்கச் சொல்லுங்க. எழுதிக் குடுக்கட்டும். அவங்களும் என் தப்புன்னு எழுதினா, நானே போய் ஃபிரேம் விக்கிறேன்.”

மேலாளர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைக்குள் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் நாற்காலி தொங்கியது.

அல்லது சார் வியாழக்கிழமை வந்தார், பார்த்தார். கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் முட்டாள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. முட்டாளாக இருந்திருந்தால் இத்தனை சேதம் செய்திருக்க முடியாது. எஃப் எட்டோடு எஃப் ஏழையும் ஒருமுறை சேர்த்து அமுக்கினார். கட்டங்கள் இடம் மாறின. அவர் முகத்திலும் என்னவோ இடம் மாறியது. பிறகு கணினியை மூடிவிட்டு, “அறிக்கை அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இதுவரை இந்த மனிதரைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கலாம். பாவம், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர் என்று மன்னித்தும் இருக்கலாம். அவர் எழுதிய அறிக்கையைப் படியுங்கள்:

‘மேற்படி பதிவுகள் பயன்படுத்துபவரின் கவனக் குறைவால் நேர்ந்திருக்கலாம். அல்லது மென்பொருளில் உள்ள மாற்று அமைப்பு என்னும் கூடுதல் வசதியின் காரணமாகவும் நேர்ந்திருக்கலாம். இரண்டு சாத்தியங்களையும் கருத்தில் கொள்வது நலம்.’

கருத்தில் கொள்வது நலமாம். யாருக்கு நலம்? தீ வைத்தவரையும் தீக்காயம் பட்டவரையும் ஒரே தராசில் வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்குப் பெயர் நடுநிலை என்றால், எனக்குக் கோணல் தராசே போதும். கவனியுங்கள்: அக்காவிடம் இருப்பது ‘குறைவு’, இவரிடம் இருப்பது ‘வசதி’. இரு பக்கமும் சமமாகப் பேசுகிறவர்கள் எழுதிய எதையும் நிறுத்துப் பாருங்கள். தங்கள் பக்கம் எப்போதும் ஒரு குன்றிமணி கூடுதலாக இருக்கும்.

மின்னஞ்சலில் வந்த அறிக்கையை மேலாளர் அச்சிட்டுப் படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத அறிக்கை ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாது. “பாத்தீங்களா, கவனக் குறைவுன்னுதான் முதல்ல போட்டிருக்காங்க” என்று தாளை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கேட்டார்: “மாற்று அமைப்புன்னா என்ன சார்?”

மூன்று வருடமாக அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒருவரும் சொன்னதில்லை. சின்ன டாக்டரிடம் போய்க் கேட்டார். சின்ன டாக்டர் சிரித்தார். “அதுவா? அன்னைக்கு ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்க்கா. ஒரே வாரத்துல அப்பா சொன்னதே பழகிடுச்சு. நானும் அதுலதான் போடறேன். இன்னுமா வெச்சிருக்காங்க? எஃப் ஏழுன்னு ஞாபகம்.”

அதாவது, உலகத்தில் ஒருவருக்கும் வேண்டாத ஒரு திரை, ஒருவர் மனமும் புண்படக் கூடாது என்பதற்காக, மூன்று வருடம் பத்திரமாக இருந்து, நாலு பேருக்கு ஊசியை இரண்டாகக் காட்டி, ஐந்தாவது ஆளின் நாற்காலியைப் பறிக்கக் காத்திருந்தது. அக்கா தம் அறைக்குப் போய் எஃப் ஏழை அமுக்கினார். கட்டங்கள் தாவின. மறுபடி அமுக்கினார். தாவின. சனிக்கிழமை வரட்டும் என்று வேலையைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை, கையெழுத்திட்ட அசல் கடிதத்தோடு அல்லது சார் வந்தார். கடிதத்தை இவரிடமிருந்து வாங்கிக்கொள்ள மேலாளரும் பரிசோதனை அறைக்கே வந்து நின்றார். அக்கா இவருடைய நெற்றியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார்.

“என்ன சார், ரெண்டு கண்ணாடி?”

“ஒண்ணுல கிட்டக்க தெரியல. இன்னொண்ணுல தலை வலிக்குது.”

“கண்ணு டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?”

“மூணு வருஷம். அல்லது நாலு.”

“உக்காருங்க. அஞ்சு நிமிஷ வேலை.”

அஞ்சு நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆயிற்று. ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா? கண் பரிசோதனை என்பது என்ன? முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை ‘இதுவா, அதுவா’ என்பதைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் இறக்கிவிட்ட மாதிரி ஆயிற்று.

“ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?”

“ஒண்ணுல எழுத்து கருப்பா இருக்கு. ரெண்டுல கொஞ்சம் அகலமா இருக்கு. ரெண்டுலயும் ஒரு நன்மை இருக்கு.”

“நன்மையக் கேக்கல சார். எது தெரியுது?”

“பொதுவாச் சொல்லணும்னா…”

“பொதுவாச் சொல்லாதீங்க. உங்க கண்ணுக்குச் சொல்லுங்க.”

வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, “அவருக்கு ரெண்டையும் ஒட்டிக் குடுத்துடுங்கம்மா, நாங்களும் வீடு போய்ச் சேரணும்” என்றார். கடைசியில் அக்கா இவர் வாயை நம்புவதை விட்டுவிட்டு, இவர் கண்ணைச் சுருக்குவதையும் விரிப்பதையும் பார்த்தே எண்ணைப் பிடித்தார். வலது கண்ணுக்கு ஒன்று. இடது கண்ணுக்கு நாலு. நல்ல வித்தியாசம். சட்டத்தில் வில்லைகளைப் போட்டார்.

“எப்படி இருக்கு?”

அல்லது சார் சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மேலாளரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். “அருமைம்மா. பல வருஷமாச்சு இப்படிப் பாத்து.”

“நல்லது. இப்போ பதியறேன், பாருங்க.” அக்கா எஃப் எட்டை அமுக்கினார், கூடவே, எல்லாரும் பார்க்கும்படி, எஃப் ஏழை. எப்போதும் போல வலது எண்ணை முதலில் போட்டார், இடது எண்ணைப் பிறகு. சீட்டு அச்சானது. சட்டத்தைக் கழற்றி, சீட்டில் உள்ளபடியே வில்லைகளைப் போட்டு, மறுபடி இவர் மூக்கில் மாட்டினார். “உங்க நிரல் குடுத்த சீட்டு சார். அதே ரெண்டு எண்ணுதான், ஒண்ணும் குறையல. எடம் மட்டும் வேற. இப்போ உங்க கடிதத்த நீங்களே மேலாளருக்குப் படிச்சுக் காட்டுங்க.”

அல்லது சார் தாளைக் கையில் எடுத்தார். கிட்டே கொண்டுவந்தார். எட்டத் தள்ளினார். “மேற்படி…” என்றார். நிறுத்தினார். “எழுத்து ரெண்டு ரெண்டா இருக்கு.”

“ரெண்டும் இருக்கட்டும் சார்.”

மேலாளருக்கு இப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. “சீட்டு சரியா, தப்பா?” என்று கேட்டார்.

“சிலருக்கு இது…”

“உங்களுக்கு?”

அல்லது சார் எழுந்திருக்கப் பார்த்தார். இல்லாத இடத்தில் தரை தெரிந்தது போலும். காலை அங்கே வைத்தார். பக்கத்திலிருந்த நாற்காலி உருண்டது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவர் வாயிலிருந்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஒட்டாமல், தனியாக ஒரு சொல் வந்தது:

“தப்பு.”

“யார் தப்பு?”

“என்… எங்க தப்பு.”

அதை அல்லது சார் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் அக்கா சட்டத்தைக் கழற்றினார். உண்மையை அறிய அல்லது சாருக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. அதைச் சொல்ல, அவர் சொந்தக் கண் வலிக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் கண்ணில் இருக்கும்வரை அது ‘வசதி’தான்.

திங்கட்கிழமை டெஸ்ட்டிங் அக்கா தம் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தையல்காரருக்குப் புதுக் கண்ணாடி போயிற்று. மேலாளர் பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக அக்காவுக்குத் தாமே தேநீர் கொண்டுவந்து வைத்தார்; ஆறியிருந்தது, பரவாயில்லை.

அல்லது சார் திருந்தினாரா என்று கேட்பீர்கள். மாற்று அமைப்பை நீக்கச் சொல்லி உத்தரவு போயிற்று. ஒரு வாரத்தில் புது நிரல் வந்தது. எஃப் ஏழை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அந்த வாய்த் துடுக்கான சக ஊழியர் நிரலைத் திறந்து பார்த்தார். மாற்று அமைப்பு அப்படியே இருந்தது. ஒரு வரிகூட அழியவில்லை. எஃப் ஏழோடு இன்னும் இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினால் மட்டும் வரும்படி ஒளித்து வைத்து, மேலே குறிப்பும் எழுதியிருந்தார்: ‘தற்போதைக்கு நிறுத்தப்பட்டுள்ளது. பின்னால் தேவைப்படலாம்.’

செய்தி அக்காவின் காதுக்கு எட்டியது. கண்ணாடிச் சட்டத்தின் கடுகு போன்ற திருகாணிகளைத் திருப்புவதற்கென்று ஒரு குட்டித் திருப்புளி அவரிடம் உண்டு. அதை எடுத்தார். விசைப்பலகையில் எஃப் ஏழின் அடியில் நுழைத்து ஒரு நெம்பு. பல் விழுந்த மாதிரி விசை தனியே வந்தது. கீழே இருந்த சின்ன ரப்பரையும் நோண்டி எடுத்தார். இரண்டையும் காலால் திறக்கும் குப்பைக் கூடையில், உபயோகித்த பஞ்சுகளின் மேல் போட்டு, மூடியைப் படாரென்று மூடினார். சாயங்காலம் குப்பை வண்டி வந்தது, போயிற்று.

அடுத்த முறை வந்த அல்லது சார் (இப்போது நெற்றியில் இரண்டு, மூக்கில் ஒன்று, ஆக மொத்தம் மூன்று கண்ணாடிகள்) விசைப்பலகையில் இருந்த ஓட்டையைப் பார்த்துப் பதறிப்போனார்.

“ஐயோ, அந்த விசைய என்னம்மா பண்ணினீங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“கழட்டினது சரி. ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கலாமே?”

அக்கா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். எஃப் எட்டு.

நானும் உங்களை அதிக நேரம் பிடித்துவைக்கப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வி. குப்பைக் கூடையின் மூடி படாரென்று விழுந்ததல்லவா, அந்தக் கணத்தில் உங்கள் மனதின் மூலையில் ஒரு குரல், மிகவும் நியாயமான, மிகவும் பக்குவமான ஒரு குரல், ‘அடடா, அதை எடுத்து வைத்திருக்கலாமே, எதற்காவது உதவுமே’ என்று சொன்னதா? இல்லை என்றால் மகிழ்ச்சி. ஆம் என்றால், இவ்வளவு நேரம் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று உங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்’ என்று தோன்றினால் இழுப்பறைக்குக்கூடப் போக வேண்டாம். மெதுவாகக் கையை உயர்த்தி, நெற்றியில் எத்தனை கண்ணாடி இருக்கிறது என்று தடவிப் பாருங்கள்.